டிரம்மில் ஓடும் இன்ஜின்

குளச்சல் பக்கத்து வள்ளங்களின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் 9.9 குதிரைத்திறன் இன்ஜின்கள். வேலை முடிந்து மூடியை மாட்டியதும் வள்ளக்காரர்கள் கேட்பார்கள்: "ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுங்கண்ணே, சத்தத்தக் கேட்டாத்தான் மனசு நிக்கும்." இன்ஜினைத் தண்ணீரில் முக்கி ஓட்ட டிரம்மை உருட்டப் போனால், "எதுக்குண்ணே தண்ணி, ஒரு நிமிஷம்தானே?" என்பார்கள்.

பைக் இன்ஜினைப் பெரும்பாலும் காற்று குளிர்விக்கும். இதைக் குளிர்விப்பது கடல் தண்ணீர். கியர் பெட்டிக்குச் சற்று மேலே, இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும் தண்டில் ரப்பர் இம்பெல்லர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதன் இதழ்கள் உலோகக் கிண்ணத்துக்குள் வளைந்து உரசியபடி சுற்றித் தண்ணீரை மேலே தள்ளும். அந்த உரசலுக்கு எண்ணெயும் தண்ணீர்தான். அது இல்லாமல் ஓட்டினால் ரப்பர் கருகிவிடும், அதற்கு ஒரு நிமிடமே தாராளம். சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. கேட்டவர் திருப்தியாகத் தூக்கிக்கொண்டு போவார், மறுநாள் கடலுக்குள் சூடேறி நின்றுவிடும்.

அப்படித் திரும்பி வரும் இன்ஜினைக் கழற்றினால் கருகிய ரப்பர் வாடைதான் முதலில் வரும். இதழ்கள் ஒரே பக்கமாகச் சுருண்டு விறைத்திருக்கும், சில பிய்ந்தே போயிருக்கும். பிய்ந்த துண்டுகளைப் பேப்பரில் பரப்பி முழு இம்பெல்லராகச் சேர்த்துப் பார்ப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் அது மேலே போகும் தண்ணீர்க் குழாயில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போடுவது வீண்செலவு. கடைப்பையன்கள் இந்த வேலைக்கு அலுத்துக்கொள்வார்கள், நான் விடுவதில்லை.

டிரம் என்றால் மேல்மூடி வெட்டிய 200 லிட்டர் டிரம். முதலில் வள்ளத்தைத் தள்ளும் விசிறியான புரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். கியர் தவறி விழுந்தால் அது தண்ணீரை வாரி வெளியே இறைத்துவிடும், விரல் பக்கத்தில் இருந்தால் விரலும் போகும். கழற்றும்போது பின்னை, நட்டை, வாஷர்களை வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கி வைப்பேன். புரொப்பெல்லருக்கு உள்பக்கம் இருக்கும் தடித்த வாஷர் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்து, கண்ணில் படாமல் மண்ணில் விழுந்துவிடும்.

தண்ணீர் உறிஞ்சும் துவாரம் மூழ்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். பம்பே மூழ்க வேண்டும். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டைத் தாண்டி ஒரு சாணாவது தண்ணீர் நிற்க வேண்டும். புகையும் அதே தண்ணீருக்குள்தான் வருகிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சூடாகி எண்ணெய் நுரை கட்டும், பம்பு நுரையை இழுத்தால் காற்றைத்தான் இழுக்கும். அதனால் ஓஸைப் போட்டு வழியவிட்டுக்கொண்டே ஓட்டுவேன். மழை பெய்தாலும் ஷட்டருக்குள் வைத்து ஓட்டுவதில்லை. புகையின் வாடை மூக்குக்குத் தெரியும், அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு தெரியாது.

டிரம்முக்குப் பதிலாக, ஓஸை மாட்டி உறிஞ்சும் துவாரங்களின் மேல் கவ்வவிடும் ரப்பர்க் கிண்ணங்கள் கடையில் கிடைக்கின்றன. தண்ணீரைத் திறந்த பிறகே ஸ்டார்ட், இன்ஜின் நின்ற பிறகே குழாயை மூட வேண்டும். எங்கள் ஊர்க் குழாயில் வரும் வேகத்துக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு கிண்ணம் நழுவினாலும் யாரும் கவனிப்பதில்லை. யமஹா ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஓஸ் மாட்டிக் கழுவ ஒரு இணைப்பு உண்டு. அது இன்ஜினை நிறுத்திவிட்டு உப்பைக் கழுவுவதற்கு. ஓடவிட்டால் கீழே இருக்கும் பம்பு காய்ந்துதான் சுற்றும்.

ஸ்டார்ட் ஆனதும் எல்லோரும் இன்ஜினைக் கேட்பார்கள், நான் பின்னால் பீய்ச்சும் தண்ணீரைப் பார்ப்பேன். ஒல்லியாக வந்தால் நிறுத்திவிட்டு ஓட்டைக்குள் தங்கூசி, அதாவது தூண்டில் நைலான் நரம்புத் துண்டு ஒன்றை விட்டுக் குத்துவேன், பெரும்பாலும் உப்புக்கட்டி உதிரும். பிறகு கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாகும்வரை ஓடினால்தான் சூட்டுக்குத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து நல்ல தண்ணீர் உள்ளெல்லாம் போகும். கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும். இழுத்தால் இன்ஜினை நிறுத்திவிடும் கில் சுவிட்சுக் கயிறு அதுவரை என் மணிக்கட்டில்தான் இருக்கும். கடலில் அதைக் கம்பியால் கட்டிவைத்து ஓட்டுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ஆக்சிலேட்டரை முறுக்கச் சொல்லி நச்சரிப்பார்கள். புரொப்பெல்லர் இல்லாத இன்ஜினுக்குச் சுமை இல்லை, முறுக்கினால் தறிகெட்டு ஏறும். முறுக்காமல் ஐடிலில் மட்டும் ஓட்டுவேன், அதுவும் பெட்ரோலில். மண்ணெண்ணெயில் ஐடில் விட்டால் பிளக் கரி பிடித்துவிடும். கடலில் மண்ணெண்ணெயில் ஓடிவிட்டு வந்தாலும், நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும், அப்போதுதான் அடுத்த இழுப்பில் பிடிக்கும்.

"அப்ப வலையோட இழுக்குமாண்ணே?" என்று கேட்டால் டிரம்மைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் சரியாக ஓடுகிறது என்பதற்கு மட்டும்தான் நான் பொறுப்பு. மற்றதைப் பார்க்க வள்ளத்தை இறக்கி, ஆளோடு சுமையோடு என்னையும் ஒரு சுற்று கூட்டிப் போகச் சொல்வேன். மண்ணெண்ணெய்க் காசை எண்ணிப் பார்ப்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். பாதிப் பேர் வருகிறார்கள், மீதிப் பேர் அடுத்த வாரம் வருகிறார்கள்.