டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஸ்பீக்கர்

ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் மேஜையில் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்: "இந்த போர்டுக்கு எத்தனை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போடலாம்ணா?" நான் பதிலுக்கு, "ஸ்பீக்கர் எத்தனை ஓம் தம்பி?" என்று கேட்பேன். சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் பவர் சப்ளையைத் தேர்ந்தெடுப்பது அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஸ்பீக்கர் காயிலில் ஓடும் கரண்ட் முழுக்க பவர் சப்ளையிலிருந்து வருவது. பாட்டு ஏறி இறங்குகிறபடி அதை அளந்து விடுவது மட்டும்தான் போர்டின் வேலை.

50 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கரில் அது வர உச்சத்தில் 28 வோல்டும் 3.5 ஆம்பியரும் வேண்டும். 4 ஓம் என்றால் 20 வோல்ட் போதும், ஆனால் கரண்ட் 5 ஆம்பியர். வாட் ஒன்றுதான், கேட்கும் சப்ளை வேறு. எல்.எம். 3886 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசியின் டேட்டாஷீட்டிலேயே (கம்பெனி தரும் விவரத் தாள்) இது தெரியும்: 8 ஓமில் 50 வாட் வேண்டுமானால் பிளஸ் மைனஸ் 35 வோல்ட் (கிரவுண்டுக்கு மேலே 35, கீழே 35), 4 ஓமுக்கு பிளஸ் மைனஸ் 28 வோல்டிலேயே 68 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் "வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று 35-க்குப் போனால், ஐசி சூடாகி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் குறுக்கிட்டு ஓசை வெட்டி வெட்டி வரும். அப்புறம் ஐசி டூப்ளிகேட் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

வோல்டேஜ் கணக்கில் பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது முழு லோடில் வரும் ஏ.சி. வோல்டேஜ். அதை 1.414-ஆல் பெருக்கி, டயோடுக்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் கழித்தால் டி.சி. கிடைக்கும் என்பது சரி. ஆனால் பாட்டு ஓடாதபோது சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் பத்து முதல் இருபது சதவீதம் கூடுதலாகவே தரும். டி.டி.ஏ. 2030 என்ற சின்ன ஆம்ப்ளிஃபையர் ஐசிக்கு உச்ச வரம்பு பிளஸ் மைனஸ் 18 வோல்ட். அதற்கு 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் (நடு முனையிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ட் தருவது) போட்டால் கணக்குப்படி 16 வோல்ட், பத்திரம் என்று தோன்றும். லோடு இல்லாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள், 18-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். லைன் வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால் ஐசி போச்சு. அந்த ஐசிக்கு நான் 9-0-9 அல்லது 10-0-10 தான் சொல்வேன். வாட் குறையும், ஆனால் நிலைத்து ஓடும்.

கரண்ட் விஷயத்திலும் லேபிளை அப்படியே நம்பக் கூடாது. கெப்பாசிட்டருக்குப் போகும் கரண்ட் சீராகப் போவதில்லை, அலையின் உச்சியில் மட்டும் குத்திக் குத்திப் போகிறது. அதனால் 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் தொடர்ந்து எடுக்கக்கூடிய டி.சி. 1.8 ஆம்பியர் அளவுதான். நல்ல வேளையாக, பாட்டு எப்போதும் உச்சத்தில் இருப்பதில்லை. இரண்டு சேனலுக்கும் தலா 50 வாட் என்றால் 150 முதல் 200 வி.ஏ. (வோல்டை ஆம்பியரால் பெருக்கி வரும் அளவு) வரை எடுத்துக்கொண்டால் வீட்டு உபயோகத்துக்குத் தாராளம்.

இனி ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் கேட்கும் இரைச்சல். நான் நின்று பேச விரும்பும் இடம் இது. ஹம் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது கெப்பாசிட்டரைப் பெரிதாக்குவது. ஓரளவு வரைக்கும் அது நியாயம்: 2 ஆம்பியர் எடுக்கும்போது 4700 மைக்ரோஃபாரடில் ரிப்பிள் (டி.சி.யில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) நாலு வோல்ட் பக்கம் இருக்கும், 10000 போட்டால் இரண்டாகக் குறையும். ஒருவர் கொண்டுவந்த ஆம்பில் அதையும் தாண்டி, இடம் கொள்ளாத அளவு கெப்பாசிட்டர்கள். ஆனாலும் சத்தம் குறையவில்லை, கூடியிருந்தது. வால்யூமை முழுக்க இறக்கிவிட்டு ஸ்பீக்கரில் காது வைத்தேன். "ம்ம்ம்" என்ற உருண்டையான 50 ஹெர்ட்ஸ் ஹம் இல்லை. கூர்மையான "ஸ்ர்ர்ர்". 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்த சத்தம் அது. கேட்டதுமே கெப்பாசிட்டரை நிரப்பும் சார்ஜிங் கரண்ட் கிரவுண்டில் (பொதுவான பூஜ்ய ஒயரில்) கலக்கிறது என்று புரிந்துவிடும். கெப்பாசிட்டர் பெரிதாகப் பெரிதாக அந்தக் குத்து ஒடுங்கி உயரமாகும்; அதனால்தான் சத்தமும் கூடியது.

திறந்து பார்த்தால், இன்புட் கிரவுண்ட் ஒயரை டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப் (12-0-12-இல் வரும் 0) முனையிலேயே ஈயம் வைத்துப் பிடித்திருந்தார். அங்கிருந்து கெப்பாசிட்டர் வரை உள்ள துண்டு ஒயரில் வெறும் 5 மில்லிஓம் இருந்தாலும் 10 ஆம்பியர் குத்தில் 50 மில்லிவோல்ட் விழும். அது இன்புட் சிக்னலோடு சேர்ந்து பெருக்கப்படுகிறது. நடு டேப் ஒயர் இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் இடத்தில் வந்து முடிய வேண்டும். அங்கிருந்து தனியாக ஒரு ஒயர் எடுத்து, அதன் மறுமுனையில்தான் இன்புட் கிரவுண்டும் ஸ்பீக்கர் ரிட்டர்னும் சேர வேண்டும். ஒயரை மாற்றி வைத்தோம், "ஸ்ர்ர்ர்" நின்றது. கூடுதல் கெப்பாசிட்டர்களில் பாதியைக் கழற்றியும் விட்டோம்.

உருண்டையான ஹம் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையும் சந்தேகிக்கலாம். வளைய வடிவ டொராய்டல் வகையில் அது குறைவு. அதை மாட்டும் போல்ட்டின் இரண்டு முனையும் ஒரே சமயத்தில் பெட்டியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஷார்ட் ஆன ஒரு சுற்றாகிவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். (கம்ப்யூட்டரில் வருவது போன்ற எடை குறைந்த ஸ்விட்சிங் சப்ளை) போடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். டி.பி.ஏ. 3116 ஐசி மாதிரி கிளாஸ் டி (வேகமாக ஆன் ஆஃப் ஆகி இயங்கும் வகை) போர்டுகளுக்குத் தாராளமாகப் போடலாம். அதன் வரம்பு 26 வோல்ட், 24 வோல்ட் சப்ளை அழகாகப் பொருந்தும். எடையும் மிச்சம். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு நொடி கூடுதல் சுமையைத் தாங்கிக்கொள்ளும், எஸ்.எம்.பி.எஸ். தாங்காது. பேஸ் அடிக்கும்போது கரண்ட் வரம்பு மீறினால் ஆஃபாகி ஆஃபாகி வரும். அதனால் சராசரியைப் பார்க்காமல், உச்ச கரண்டைக் கணக்கிட்டு வாங்குவது நல்லது.

டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையை முதல் தடவை ஆன் செய்யும்போது லைனில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போடுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. எரிந்துகொண்டே இருந்தால் டயோடோ கெப்பாசிட்டரோ திரும்பி இருக்கலாம். மங்கிய பிறகும் போர்டை இணைக்காமல் இரண்டு ரெயிலையும் (பிளஸ், மைனஸ் சப்ளை வரிகள்) மீட்டரில் பாருங்கள். ஒவ்வொரு ரெயிலிலும் 2.2 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று கெப்பாசிட்டருக்குக் குறுக்கே இருக்கட்டும். இல்லாவிட்டால் சுவிட்சை அணைத்த பிறகும் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே 70 வோல்ட் வரை தங்கியிருக்கும். அதை ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ரெசிஸ்டர் இருந்தால், 10000 மைக்ரோஃபாரடும் ஒரு நிமிடத்துக்குள் 5 வோல்டுக்குக் கீழே வந்துவிடும்.