எஸ்ஓ டூ 400-க்கு இறங்கிய இரவு

ஐப்பசி மழை, ராத்திரி ஷிப்ட். இரண்டேகால் மணிக்குக் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன். "தம்பி, எஸ்ஓ டூ 400-க்கு வந்துடுச்சு, பாத்தியா?" எஸ்ஓ டூ என்றால் சிம்னிப் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு. ஷிப்ட் சாரின் குரலில் அத்தனை சந்தோஷம்.

எனக்கோ வயிற்றைக் கலக்கியது. எங்கள் அனல் மின் நிலையத்தில் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும் எஃப்ஜிடி இன்னும் வரவில்லை. கன மீட்டருக்கு 1,100 மில்லிகிராம் பக்கத்தில்தான் எப்போதும் நிற்கும். (2015 டிசம்பரில் வந்த விதிப்படி எங்களுடையது மாதிரி 500 மெகாவாட் பழைய யூனிட்டுக்கு எல்லை 200 என்று இருந்தது. அது தனிக் கதை.) அதே நிலக்கரி, அதே லோடு. பிறகு எப்படிக் குறையும்?

திரையைப் பார்த்தேன். ஆக்சிஜன் 6.5 சதவீதம், அசையவில்லை. நைட்ரிக் ஆக்சைடும் அப்படியே. குழாயில் வெளிக்காற்று புகுந்திருந்தால் ஆக்சிஜன் ஏறி, மற்ற எல்லாம் சேர்ந்து இறங்கியிருக்கும். அப்படி நீர்த்துப் போவதை ஈடுகட்டத்தான் எல்லா அளவையும் 6 சதவீத ஆக்சிஜனுக்கு மாற்றிச் சொல்கிறோம்: 9 சதவீதத்தில் 1,000 காட்டினால் கணக்கில் அது 1,250. ஆனால் இங்கே எஸ்ஓ டூ மட்டும் காணாமல் போயிருந்தது. வழியில் யாரோ தின்கிறார்கள். யார்? தண்ணீர்தான். எஸ்ஓ டூ தண்ணீரில் சட்டென்று கரையும், நைட்ரிக் ஆக்சைடு அவ்வளவாகக் கரையாது.

சிம்னி மேடையில் எடுக்கும் புகை, கீழே வாயுக்களை அளக்கும் அனலைசர் அறை வரை 180 டிகிரி சூட்டில் வைத்த டெஃப்லான் குழாயில் வர வேண்டும். சூடு போனால் புகையிலுள்ள ஈரம் குழாய்க்குள்ளேயே வேர்த்துவிடும். ராத்திரியில் லிஃப்ட் கிடையாது, படியேறினேன். எப்போதும் கை வைத்தால் சுடுகிற குழாய் நுனி சில்லென்று இருந்தது. ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் உள்ளே மழைத்தண்ணீர், ஹீட்டரின் பிரேக்கர் விழுந்து கிடந்தது.

துடைத்து, கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்கும் கிளாண்டை மாற்றி, குழாயைக் காற்றடித்துக் காயவைத்துச் சூடேற்ற 5.40 ஆகிவிட்டது. எண் 1,080-க்கு ஏறியது. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டியேப்பா" என்றார் சார், பாதி விளையாட்டாக.

அதற்குள் 15 நிமிடச் சராசரிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சர்வருக்குப் போய்க்கொண்டே இருந்தன. அளவு ஏறினால் எச்சரிக்கை எஸ்எம்எஸ் வரும். இறங்கினால் யாரும் கேட்பதில்லை. "2.15 முதல் 5.40 வரை அளவு செல்லாது, ஹீட்டர் பழுது" என்று லாக் புத்தகத்தில் எழுதினேன்.

என்னை உறுத்தியது வேறு. முந்தைய நாள் காலை, அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவை விட்டு அனலைசரைச் சரிபார்க்கும் கல்பிரேஷன் போட்டிருந்தோம், எல்லாம் சரி. சரியாகத்தானே இருக்கும்? சிலிண்டர் வாயுவை அனலைசர் வாசலிலேயே விடுகிறோம், குழாயைத் தொடுவதே இல்லை.

பகலில் லிஃப்டில் சின்ன சிலிண்டர் ஒன்றை மேலே கொண்டுபோய், சிம்னியில் புகையை உறிஞ்சும் புரோப் வழியாகவே விட்டுப் பார்த்தோம். 1,500 சிலிண்டருக்கு 1,470 காட்டியது. வாசலில் விட்டால் இருபது நொடி. மேலேயிருந்து வர ஒன்றரை நிமிடம். ஹெல்பர் தம்பி மூன்று முறை வாக்கிடாக்கியில் கேட்டுவிட்டான், "அண்ணே, வந்துச்சா?"