ஜாமீன் கிடைத்தது திங்கட்கிழமை, தம்பி வந்தது வெள்ளிக்கிழமை

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு வக்கீல் போன் செய்து, "பெயில் ஆயிருச்சும்மா" என்றார். அம்மா அப்போதே அடுப்பைப் பற்ற வைத்துத் தம்பிக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். அந்தக் குழம்பை நாங்கள்தான் புதன்கிழமை வரை சுடவைத்துச் சாப்பிட்டோம்.

கேஸ் பெரிதாக ஒன்றுமில்லை. வாய்க்காலில் மடை திருப்புவதில் பக்கத்து வயல்காரருடன் வாய்ச்சண்டை. அது கைகலப்பாகி, கடைசியில் மண்வெட்டி. அவருக்குத் தலையில் ஏழு தையல். எஃப்ஐஆரில் புதிய தண்டனைச் சட்டத்தின் (பிஎன்எஸ்) 296(பி), 115(2), 118(1), 351(3) பிரிவுகள். ஊர்ச் சண்டைக்கெல்லாம் வழக்கமாகப் போடுகிற செட் இதுதான் என்றார் வக்கீல். இதில் 118(1), அதாவது ஆயுதத்தால் காயம் ஏற்படுத்துவது, ஜாமீனில் விட முடியாத பிரிவு. அப்படியென்றால் ஜாமீனே கிடைக்காது என்று அர்த்தமில்லை. ஸ்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொண்டு விடமாட்டார்கள், கோர்ட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள், 15 நாள் ரிமாண்ட், கிளைச் சிறை. முதலில் போட்ட மனு தள்ளுபடி, ஏனென்றால் அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார். இந்த மாதிரிக் கேஸில் எதிர்த்தரப்பு டிஸ்சார்ஜ் ஆகும் தேதிதான் நமக்கு முகூர்த்தத் தேதி. அவர் வீடு திரும்பியதும் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மனு போட்டோம், கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உத்தரவில் இருந்தது இதுதான்: தம்பி பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவு, அவர்களைப் பற்றி மாஜிஸ்திரேட் திருப்தி அடைய வேண்டும். தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. சினிமா பார்த்துப் பழகிய நான் இருபதாயிரத்தை ஏடிஎம்மில் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே கட்ட வேண்டும் என்று கேட்டேன். வக்கீல் சிரித்துவிட்டார். பணம் எதுவும் கட்டத் தேவையில்லையாம். "இவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் பத்தாயிரம் கட்டுகிறேன்" என்று இரண்டு பேர் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டக்கூடிய ஆட்கள்தான் என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். ரொக்கமாகவே கட்டிவிடுகிறோமே என்றால், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் கோர்ட் அனுமதிக்க வேண்டும், தனி மனு, அதற்குத் தனி நாள். "ரெண்டு வீட்டு வரி ரசீது கொண்டாங்க, நாளைக்கே முடிச்சிரலாம்" என்றார்.

ரசீது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன் பாருங்கள்.

நான் கோவையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் பேரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. எங்கள் வீடு இன்னும் அப்பா பேரில், அப்பா போய் ஆறு வருடம். சரி, சித்தப்பா இருக்கிறாரே என்று செவ்வாய்க்கிழமை அவரையும் பக்கத்து வீட்டு மாமாவையும் அழைத்துக்கொண்டு போனோம். ஆர்டர் காப்பி மதியம்தான் கைக்கு வந்தது. பெஞ்ச் கிளார்க் சித்தப்பாவின் ரசீதைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார். "இதுல இருக்கிறது யாரு?" தாத்தா. எப்போதோ செத்துப்போன தாத்தாவின் பேரில்தான் சித்தப்பா இத்தனை வருடமாக வரி கட்டிக்கொண்டிருக்கிறார். மாமாவின் ரசீதில் பேர் சரி, ஆனால் அது போன வருட ரசீது. கிளார்க் இரண்டையும் மேஜைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கட்டை எடுத்துக்கொண்டார். என்ன கொண்டுவந்தால் சரியாகும் என்று கேட்டதற்கு, "வக்கீல் கிட்ட கேளுங்க." வக்கீல் அப்போது வேறு கோர்ட்டில் இருந்தார்.

மாமாவின் பிரச்சினை அன்றிரவே தீர்ந்தது. ஊராட்சி வீட்டு வரியை இப்போது இணையத்திலேயே கட்டலாம். ஊராட்சி அலுவலகத்தில் ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள். கட்டி முடித்து, பிரவுசிங் சென்டரைச் சாத்தப் போனவரைத் திறக்க வைத்து பிரிண்ட் எடுத்தேன்.

ரத்த உறவுக்குத் தாய்மாமனை வரச் சொன்னோம். பக்கத்து மாவட்டம். ராத்திரி பஸ் பிடித்து, பட்டா, சிட்டா, இந்த வருட ரசீது எல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு விடிகாலையில் வந்து நின்றார். புதன்கிழமை கோர்ட்டில் கிடைத்த பதில்: வெளி மாவட்டம் வேண்டாம், உள்ளூர் ஆள் கொண்டுவாருங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே டீக்கடையில் வக்கீல் சொன்னார்: 1978இல் மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு இதே பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள், அவருடைய சகோதரர் வேறு மாவட்டம் என்று ஏற்க மறுத்தார்கள், அது உச்ச நீதிமன்றம் வரை போய் நீதிபதி கிருஷ்ணய்யர் வறுத்தெடுத்தார். 2023லும் உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "இதையெல்லாம் எழுதி மனு போடலாம். ஆனா உங்க தம்பி அதுவரைக்கும் உள்ள இருப்பான். உள்ளூர் ஆள் ஒருத்தர் கிடைச்சா நாளைக்கு வெளிய வந்திருவான். எது வேணும்?" தாய்மாமன் அந்தக் கவரைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.

அதே டீக்கடையில்தான் இன்னொரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு ஜாமீனுக்கு மூவாயிரம். ஆள், ரசீது, எல்லாம் நம்மளே." உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம். ஜாமீன்தாரர் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்று எழுதித் தர வேண்டும் என்பது சட்டம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 486ஆவது பிரிவு. இந்த ஆட்கள் மாசத்துக்கு இருபது பேருக்கு நிற்பவர்கள். போலி ரசீது என்று தெரிந்தால் அது தனி கேஸ், ஜாமீனும் போய்விடும்.

அப்போது அம்மாதான் அத்தையைச் சொன்னாள். அப்பாவின் தங்கை. நாங்கள் யாருமே அத்தையை யோசிக்கவில்லை, ஏனென்றால் அத்தையிடம் எதுவும் இல்லை என்பது எங்கள் நினைப்பு. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆனால் அவர் இருப்பது தொகுப்பு வீடு, அரசாங்கம் அவர் பேரிலேயே கொடுத்தது. வரி ரசீது, ஆதார், குடும்ப அட்டை மூன்றிலும் ஒரே பேர், ஒரே இனிஷியல். ஒரு வருடம்கூட பாக்கி இல்லை. ரசீதுகளை வருடவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். சொந்தத்தில் நஞ்சை, மாடி வீடு என்று இருப்பவர்கள் யாரிடமும் இல்லாத காகிதம்.

வியாழக்கிழமை போனால் மாஜிஸ்திரேட் விடுப்பு. அவருக்குப் பதில் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் கோர்ட் 28 கிலோமீட்டர் தள்ளி. அங்கே போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. இதைக் காலையிலேயே போன் போட்டுக் கேட்டிருக்கலாம், வக்கீலின் குமாஸ்தா நம்பர் என்னிடம் இருந்தது, எனக்குத்தான் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பத்திரத்தில் போட்டோ ஒட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, நான்கு மணிக்கு அத்தையைக் கூப்பிட்டார்கள். அசல் ஆவணம் கையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் போதாது. மாஜிஸ்திரேட் ஒரு பெண்.

"பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

"அண்ணன் மகன்மா."

"வேற யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா. கோர்ட்டுக்கே இப்பதான் வர்றேன்."

"அவன் வரலைன்னா நீங்க பத்தாயிரம் கட்டணும், தெரியுமா?"

அத்தைக்கு அது தெரியாது. நாங்கள் ரசீதைப் பற்றிப் பேசினோமே தவிர, இதை அவரிடம் உட்கார்ந்து சொல்லவே இல்லை. ஒரு விநாடி என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "வருவாம்மா" என்றார். மாமாவுக்கும் அதே கேள்விகள். இரண்டு பேரையும் ஏற்றுக்கொண்டார்கள்.

முடிந்தது என்று நினைத்தால், பெயில் ஆர்டர் வேறு, ரிலீஸ் ஆர்டர் வேறு. பெயில் உத்தரவை இப்போது சிறைக்கு மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுகிறார்கள், ஆனால் கதவைத் திறப்பது ஜாமீன்தாரர்களை ஏற்ற பிறகு கோர்ட் கொடுக்கும் ரிலீஸ் ஆர்டர்தான். அதை உறையில் போடுவதற்கு முன் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு, "ஒரு தடவ படிச்சிருங்கக்கா" என்றார். அப்பா பேர் சண்முகவேல். அதில் சண்முகம். ரிமாண்ட் காகிதத்தில் ஒரு பேர், இதில் ஒரு பேர் என்றால் சிறையில் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். இந்தப் பத்து நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்த "வேல்" இல்லாததைப் பார்த்ததுதான். திருத்தி, மறுபடி கையெழுத்து வாங்க முக்கால் மணி நேரம். சிறை வாசலுக்குப் போனபோது ஆறரை. லாக்கப் அடைத்தாகிவிட்டது, இனி காலையில்தான். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள், தூக்கிக் கூட்டிவர வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு வந்தான். தாடியோடு, போன அன்று போட்டிருந்த அதே சட்டையில். முதலில் கேட்டது, "மடை இப்ப யார் பக்கம் திறந்திருக்கு?" அறையலாம் போல இருந்தது.

வீட்டில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால், வக்கீலைத் தேடும் அதே நாளில் ரசீதையும் தேடுங்கள். இரண்டு பேர் போதும் என்று சொன்னாலும் நான்கு பேரைத் தயாராக வையுங்கள். சிறையில் மனு எழுதிக் கொடுத்து ஆளைப் பார்க்கப் போகும்போது அவனிடம் வேறு பழைய கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், இருந்தால் இந்த ஜாமீனில் மட்டும் வெளியே வர முடியாது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் 15100க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீலுக்கு வழி சொல்வார்கள். ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் ஆள் வெளியே வராவிட்டால், அந்த ஆணைக்குழுவுக்குச் சிறை அதிகாரி தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அந்த 2023 உத்தரவில் இருக்கிறது. எனக்கு இது தெரிந்தது அவன் வந்த பிறகு.

கையெழுத்து இன்னும் தொடர்கிறது, தளர்த்தச் சொல்லி அடுத்த வாரம் மனு போடுகிறோம். தினமும் காலை பத்து மணிக்கு அத்தையிடமிருந்து போன் வந்துவிடுகிறது. நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "கெளம்பிட்டானா?" என்று மட்டும் கேட்பார். கிளம்பிவிட்டான் என்றதும் வைத்துவிடுவார்.