பார்த்துத்தான் அனுப்பினேன்

"லூப்புக்குள் கமிட் போட்டால், கர்சருக்கு வேண்டிய பழைய தரவு எங்கே இருக்கும் சார்?" என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆயிரம் பதிவுக்கு ஒருமுறை போட்டுவிடம்மா. இங்கே எல்லாமே அப்படித்தான் ஓடுகிறது."

அவர் கேட்டது சரியான கேள்வி. லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதி. கர்சர், பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது. கமிட், அதுவரை செய்த மாற்றங்களை நிலையாக்குவது. ஆரக்கிள் என்ற தரவுத்தளத்தில் கர்சரைத் திறந்த நொடியில் டேபிள் எப்படி இருந்ததோ, அப்படியேதான் கடைசிப் பதிவு வரை வந்தாக வேண்டும். நடுவில் மாறியவற்றின் பழைய உருவம் அண்டூ என்ற தனி இடத்தில் இருக்கும். கமிட் ஆனபின் அந்த இடத்தை அடுத்தடுத்த மாற்றங்கள் எடுத்துக்கொள்ளலாம். தான் படித்துக்கொண்டிருக்கும் கர்சருக்கு லூப்பே குழி பறிக்கிறது.

12 லட்சம் வாடிக்கையாளர்களின் காலாவதியான புள்ளிகளைக் கழிக்கும் வேலை. அன்றிரவு 7,43,000 பேர் முடிந்த இடத்தில் நின்றது: ஓரா-01555, ஸ்னாப்ஷாட் டூ ஓல்டு. கர்சருக்கு வேண்டிய பழைய உருவம் இப்போது இல்லை என்ற பிழை. கமிட் ஆனவை ஆனவைதான். திரும்ப ஓட்டினால் அவர்களுக்கு இரண்டாம் முறை கழியும். யாருக்கு முடிந்தது என்று காட்ட ஓர் அடையாளப் புலம்கூட டேபிளில் இல்லை. முந்தைய நாள் பேக்கப்புடன் ஒப்பிட்டுச் சரிசெய்து முடித்தபோது கடைகள் திறக்கும் நேரம் ஆகிவிட்டது.

என் பக்கமும் ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நடுவில் கமிட் இல்லாமல் ஓடிய ஒரு வேலை அண்டூ நிரம்பி, ஓரா-30036 என்று விழுந்தது. ரோல்பேக், அதாவது செய்த மாற்றங்களைத் திரும்ப அழிப்பது, முடிவதற்குள் விடிந்துவிட்டது. அந்த இரவைப் பார்த்தவன் நான். பெரிய டேபிள் என்றால் இன்றும் அதையேதான் சொல்வேனோ என்னவோ. ஆனால் அவர் கேட்டபோது இதைச் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் எவ்வளவு அண்டூ தேவைப்படும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருப்போம். ஒரே அப்டேட் கட்டளையில் முடிகிற வேலைக்குக் கர்சரே எதற்கு என்றுகூட அவர் கேட்டிருப்பார்.

"யார் எழுதியது?" என்றார் மேலாளர். கோப்பில் இருந்தது அந்தப் பெண்ணின் பெயர். நான் முந்திக்கொண்டு, "நான் பார்த்துத்தான் அனுப்பினேன்" என்றேன். பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே அப்போது தோன்றியது. அதில் பொய்யும் இல்லை. ஆனால் 'நான்தான் போடச் சொன்னேன்' என்பது வேறு வாக்கியம். நான் சொன்ன வாக்கியத்தில் தவறு அவருடையது. கவனிக்காமல் விட்டது மட்டுமே என்னுடையது. அவர் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாலையில் திருத்திய நிரலைக் கொண்டுவந்தார். எண்ட் லூப்புக்கு அடுத்த வரியில் ஒரே ஒரு கமிட். வேறெதுவும் மாறவில்லை. முதல் நாள் என்னிடம் காட்டியதும் இதுவேதான்.

"இப்போது சரியா சார்?" குரலில் குத்தல் எதுவும் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

"சரி" என்றேன்.