நைவாஷா ரோஜாவும் கிசுமு கொசுவும்

கென்யாவுக்கு ரோஜாப் பண்ணைகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஓசூரில் எல்லோரும் கேட்டது "ஊசி போட்டாச்சா?" என்றுதான். அவர்கள் சொல்வது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிளம்புவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டு, போட்டதற்குச் சான்றான அந்த மஞ்சள் அட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலேயே தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். ஆனால் அதைப் போட்டால் மலேரியாவும் வராது என்று பாதிப் பேர் நம்புகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

"கெலமங்கலம் கொசுவுக்கே அசராத உடம்புடா நம்மளுது" என்றார் மாமா. கென்யாவில் பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை மலேரியா, சிகிச்சை தாமதித்தால் உயிரையே எடுத்துவிடும், குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மாத்திரை அதற்குப் பலிக்காது. டாக்டர் எனக்கு மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினார். கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்து, தினமும் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது ஆகாது, அவர்களுக்கு வேறு மாத்திரை. இன்னொரு தொல்லை, வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிவிடும். பண்ணையில் தொப்பியைக் கழற்றவே இல்லை.

ரோஜாப் பண்ணைகள் இருக்கும் நைவாஷா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே, ராத்திரி தளியைவிடக் குளிர், கொசுவைப் பற்றி நினைப்பே வரவில்லை. விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமுவுக்கு இறங்கியதும் கதை மாறியது. புழுக்கம், ஏரி, கொசு! மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிக்கும் என்பதால் ஆறு மணிக்கே முழுக்கை சட்டை, பேன்ட், வெளியே தெரியும் தோலில் டீட் என்ற கொசு விரட்டி கலந்த கிரீம் (சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், டீட் அதன் மேல்). தூங்க மருந்து தோய்த்த வலை. அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகாமல் தொங்கவிட்டால் கட்டியும் பிரயோஜனமில்லை.

கூட வந்த கிருஷ்ணகிரி நண்பர் வீடு வந்ததும் "இனி எதுக்குண்ணா?" என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், நான் விடவில்லை. கடைசி நாள் கடித்த கொசு விட்ட கிருமி முதலில் கல்லீரலில் போய் வளரும், அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளின் அதை ரத்தத்தில்தான் பிடிக்கும், அதனால்தான் திரும்பிய பிறகும் 4 வாரம். அட்டோவாகோன்-புரோகுவானில் என்ற இன்னொரு தடுப்பு மாத்திரை கல்லீரலிலேயே வேலை செய்வதால் 7 நாள் போதும்.

எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு இல்லை. திரும்பிய சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் வாய் திறந்ததும் "ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்" என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் டெங்குவைத் தேடிக்கொண்டே நாள் ஓடிவிடும். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. முதல் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்து காய்ச்சலும் விடவில்லையென்றால், மறுநாள் இன்னொரு முறை.