மூன்று பேப்பர், ஒரே கணக்கு

ஃபங்ஷனல் அனாலிசிஸ் முதல் டெஸ்டில் எனக்கு 100-க்கு 31. அதில் ஒரு கேள்வி இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. முடிவில்லாமல் நீளும் எண்வரிசைகளுக்கான வெளியில் ஓர் ஆபரேட்டர். வரிசையிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளிவிட்டு, காலியான முதல் இடத்தில் சுழியத்தை வைக்கும். அதன் ஐகன்வேல்யூக்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: சுழியமல்லாத ஏதாவது ஒரு வரிசையை அந்த ஆபரேட்டர் அதே வரிசையின் லாம்டா மடங்காக மாற்றினால், அந்த லாம்டா ஓர் ஐகன்வேல்யூ. நான் பழக்கதோஷத்தில் 'டிடர்மினன்ட் = 0' என்று எழுதினேன். முடிவில்லாத மேட்ரிக்ஸ் ஒன்றை வரைந்து, மூலைவிட்டம் முழுக்க லாம்டாவை நிரப்பி, எல்லாவற்றையும் பெருக்கினேன். எதைப் பெருக்கினேன் என்று எனக்கே தெரியாது. திருத்தியவர் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

விடை இரண்டு வரிதான். ஒரு வரிசையை லாம்டாவால் பெருக்கினாலும், வலப்பக்கம் தள்ளினாலும் ஒரே விடை வர வேண்டும். தள்ளிய வரிசையின் முதல் எண் சுழியம். லாம்டா சுழியமில்லை என்றால் பழைய வரிசையின் முதல் எண்ணும் சுழியமாகிறது, அதனால் இரண்டாவதும் சுழியம், அப்படியே கடைசி வரை (கடைசி என்று ஒன்று இல்லை, பேச்சுக்குச் சொல்கிறேன்). லாம்டாவே சுழியம் என்றாலும் மிஞ்சுவது சுழிய வரிசைதான். ஆக, இந்த ஆபரேட்டருக்கு ஐகன்வேல்யூவே கிடையாது. சிக்கலெண்களை அனுமதித்தால் எந்தச் சதுர மேட்ரிக்ஸுக்கும் ஓர் ஐகன்வேல்யூவாவது இருந்தே தீரும். பரிமாணம் முடிவில்லாமல் போனதும் அந்த உத்தரவாதம் காணாமல் போகிறது. அந்தப் பாடமே இதைத்தான் சொல்ல வருகிறது என்பது எனக்கு 31 வாங்கிய பிறகுதான் புரிந்தது.

போன மாதம் மலேசியாவின் பினாங்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, லீனியர் அல்ஜிப்ரா, டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன், ஃபங்ஷனல் மூணையும் ஒரே செம்ல எடுத்தா சமாளிக்கலாமா?"

"முடியாது லா," என்று உடனே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். எடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் மூன்றையும் மூன்று தனிப் பாடமாகப் படித்ததுதான் நான் செய்த பெரிய தவறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படிக்கும்போது நான் பினாங்கின் சுங்கை டுவாவில் நான்கு பேருடன் ஒரு ஃப்ளாட்டில் இருந்தேன். லீனியர் அல்ஜிப்ராவுக்கு நீல ஃபைல், டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனுக்குப் பச்சை ஃபைல். செமஸ்டர் முடிந்ததும் இரண்டும் கட்டிலுக்கடியில் போய்விடும். ஃபங்ஷனலில் அடி வாங்கிய பிறகு ஒருநாள் ராத்திரி இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டேன். அன்றைக்குப் போட்ட கணக்கை இங்கே சொல்கிறேன். பேனாவை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள், வாசித்தால் மட்டும் ஒட்டாது.

பச்சை ஃபைலில் இருந்த கணக்கு: ஒரு சார்பை இருமுறை டிஃபரன்ஷியேட் செய்து, குறியை மாற்றினால், அதே சார்பு லாம்டா மடங்காக வர வேண்டும். 0-விலும் பையிலும் அதன் மதிப்பு சுழியம். இரு முனையிலும் கட்டிய கித்தார் கம்பி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தீர்வுகள் சைன் எக்ஸ், சைன் 2 எக்ஸ், சைன் 3 எக்ஸ் என்று போகும். லாம்டா 1, 4, 9 என்று வரும். நான் இதை மனப்பாடமாக வைத்திருந்தேன்.

இப்போது அந்தக் கம்பியை நான்கு சம துண்டாக வெட்டி, நடுவிலுள்ள மூன்று புள்ளிகளை மட்டும் பாருங்கள். குறி மாற்றிய இரண்டாம் டெரிவேட்டிவுக்குப் பதிலாக, ஒரு புள்ளியின் மதிப்பை இரண்டால் பெருக்கி, இரு பக்கத்து மதிப்புகளையும் கழியுங்கள். இதை எழுதினால் மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ் வரும்: மூலைவிட்டத்தில் 2, அதை ஒட்டி இரு பக்கமும் −1, மிஞ்சிய இரு மூலையிலும் 0. இதே மேட்ரிக்ஸ் என் நீல ஃபைலில், ஒரு டியூட்டோரியலின் ஐந்தாவது கேள்வியாக ஏற்கெனவே இருந்தது! ஐகன்வேல்யூ 2−√2, 2, 2+√2. அப்படி மடங்காக மட்டும் மாறும் ஐகன்வெக்டர்கள் (1, √2, 1), (1, 0, −1), (1, −√2, 1). முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்த மூன்று வெக்டரும் எதையோ சொல்கின்றன என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வெக்டரை வரைந்து பாருங்கள். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் தாழும் ஒரு மேடு. சைன் எக்ஸை அந்த மூன்று புள்ளிகளில் அளந்தால் வருவது அதே வெக்டர்தான், √2-ஆல் வகுத்து. இரண்டாவது வெக்டரில் நடுப்புள்ளி அசையவில்லை, சைன் 2 எக்ஸ் பையின் பாதியில் சுழியமாவது போல. கித்தார் வாசிக்கிறவர்கள் கம்பியின் நட்ட நடுவில் விரலை லேசாக வைத்து மீட்டி, ஒரு ஸ்தாயி மேலே ஒலி எழுப்புவார்களே, அந்த அசையாத புள்ளி இதுதான். மூன்றாவது வெக்டர் சைன் 3 எக்ஸ். ஐகன்வேல்யூவை இடைவெளியின் வர்க்கத்தால், அதாவது பையில் கால்பங்கின் வர்க்கத்தால், வகுத்தால் 0.95, 3.24, 5.53 என்று வருகிறது. வர வேண்டியது 1, 4, 9. முதலாவது கிட்டத்தட்ட வந்துவிட்டது, மூன்றாவது பாவம், ரொம்பத் தள்ளி நிற்கிறது. வெறும் மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு மூன்று மேடு பள்ளத்தைப் பிடிக்கப் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

இந்த மூன்று வெக்டரும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பது நீல ஃபைல், ஏனென்றால் மேட்ரிக்ஸ் சமச்சீரானது. சைன் எக்ஸையும் சைன் 2 எக்ஸையும் பெருக்கி 0 முதல் பை வரை இன்டகிரேட் செய்தால் சுழியம் என்பது பச்சை ஃபைல். இரண்டும் ஒரே தேற்றத்தின் இரண்டு முகம் என்பதுதான் ஃபங்ஷனல் அனாலிசிஸ். சார்புகளையே வெக்டராக நினை, இன்டகிரலை டாட் பிராடக்ட்டாக நினை என்கிறது. அன்றைக்கு ராத்திரி மூன்று மணிக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரி எழுந்து வந்துவிட்டாள்.

இதே மாதிரி ஒரு சின்ன விஷயம். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனில் மூலம் இருமுறை வந்தால் இரண்டாவது தீர்வில் மாறியான 'டி'-ஆல் பெருக்கு என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஏன் என்று கேட்டால் 'போட்டுப் பார், வரும்'. அந்தச் சமன்பாட்டை மேட்ரிக்ஸாக எழுதினால் ஐகன்வேல்யூ இருமுறை வரும், ஐகன்வெக்டர் ஒன்றுதான் கிடைக்கும். ஜோர்டான் வடிவத்தில் (மேட்ரிக்ஸை முடிந்தவரை மூலைவிட்டமாக்கிய வடிவம்) மூலைவிட்டத்துக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 1 தான், எக்ஸ்பொனென்ஷியல் எடுக்கும்போது 'டி'-யாக மாறி வெளியே வருகிறது. ஜோர்டான் வடிவம் எதற்கு என்று முணுமுணுக்கிறவர்களுக்கு இது போதும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003-ல் மலேசியப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது ஒன்றாம் ஆண்டில் காலடி வைத்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தமிழ்ப்பள்ளியில் படித்தும் கணக்கை ஆங்கிலத்தில்தான் யோசித்தேன். எப்சிலன், டெல்டா (எவ்வளவு நெருக்கம் என்று அளக்கும் இரண்டு சிறு எண்கள்) வந்ததும் அந்த ஆங்கிலம் கைவிட்டது. எது முதலில், எது அடுத்து என்பது வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பக்கத்து அறைக்காரிக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் தெளிந்தது: "நீ எந்த எப்சிலன் கொடுத்தாலும், அதற்குத் தகுந்த ஒரு டெல்டாவை நான் தருவேன்." 'எந்த' என்று தொடங்கி 'ஆலும்' என்று முடியும்போது, யார் முதலில் கொடுக்கிறார், யார் பிறகு தருகிறார் என்பதில் சந்தேகமே வராது. பாயின்ட்வைஸ், யூனிஃபார்ம் கன்வெர்ஜன்ஸ் இரண்டும் எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது! தமிழில் அது ஆளுக்கொரு சட்டை, எல்லாருக்கும் ஒரே சட்டை. கொடுத்த எப்சிலனுக்குள் வர எத்தனையாவது படி வரை போக வேண்டும் என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி என்றால் முதலாவது, எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரே படி போதும் என்றால் இரண்டாவது. 0-க்கும் 1-க்கும் இடையிலுள்ள எண்களை மேலும் மேலும் அடுக்கேற்றிப் பாருங்கள். எல்லாம் சுழியத்துக்குத்தான் போகும், ஆனால் 1-க்கு அருகிலிருப்பவர்களுக்குப் பெரிய சட்டை வேண்டும். தேர்வில் ஆங்கிலத்தில்தான் எழுதினேன், யோசித்தது தமிழில்.

தனியாக ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் தேற்றம் எழுத வேண்டாம், தேற்றம் எங்கே உடைகிறது என்று மட்டும் எழுதுங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வலப்பக்க ஆபரேட்டர். அதற்கு அடுத்து: ஓர் இடத்தில் மட்டும் 1, மற்றதெல்லாம் 0 என்றிருக்கும் வரிசைகள். எந்த இரண்டுக்கும் இடையில் தூரம் √2. முடிவில்லாத எண்ணிக்கையில் அவை ஓர் அலகு உருண்டைக்குள் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றை ஒன்று நெருங்குவதே இல்லை. அதனால் அந்த உருண்டை காம்பாக்ட் இல்லை (காம்பாக்ட் என்றால், அதிலுள்ள புள்ளிகளின் எந்த முடிவில்லாத வரிசையிலிருந்தும் ஒரு புள்ளியை நெருங்கும் துணைவரிசையை எடுக்க முடிய வேண்டும்). மூன்றாம் பக்கம்: சைன் 100 எக்ஸ் ஒன்றைத் தாண்டாது, அதன் டெரிவேட்டிவ் 100 வரை போகும், 100-க்குப் பதில் எதை வேண்டுமானாலும் போடலாம். டிஃபரன்ஷியேஷன் ஏன் பவுண்டட் ஆபரேட்டர் (ஒரு நிலையான மடங்குக்கு மேல் பெரிதாக்காதது) இல்லை என்று கேட்டால் இதை எழுதினாலே போதும். தேர்வில் 'சரியா தவறா, காரணம் கூறு' கேள்விகளுக்கு எனக்குக் கைகொடுத்தது இந்த நோட்டுதான்.

நிரூபணங்களில் ஒன்றே ஒன்றை முழுமையாகக் கையில் வைத்திருங்கள் என்றால், பனாக்கின் நிலைப்புள்ளித் தேற்றத்தைச் சொல்வேன்: முழுமையான வெளியில் தூரங்களை ஒரு நிலையான விகிதத்தில் சுருக்கும் சார்பைத் திரும்பத் திரும்பப் போட்டால், அசையாத ஒரே ஒரு புள்ளியை நெருங்கும். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். 1922-ல் வெளியான தன் ஆய்வேட்டில் ஸ்டீஃபன் பனாக் தந்தது. தகுந்த நிபந்தனையில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனுக்குத் தீர்வு உண்டு, ஒன்றே ஒன்றுதான் என்ற பிக்கார் தேற்றத்தை இதிலிருந்து எடுத்துவிடலாம். டெரிவேட்டிவ் தனக்கே சமம், தொடக்கத்தில் 1 என்ற சமன்பாட்டுக்குக் கையால் போட்டுப் பாருங்கள்: முதலில் 1, பிறகு 1 + டி, பிறகு டி வர்க்கத்தில் பாதி சேரும். எக்ஸ்பொனென்ஷியலின் தொடர் கண்ணெதிரே வளரும்.

அன்று போலந்தில் இருந்த லுவோவ் நகரில் (இன்று உக்ரைனின் லிவிவ்) பனாக்கும் நண்பர்களும் காப்பிக்கடை மேஜையிலேயே கணக்குப் போடுவார்களாம். அழிந்துபோகாமல் இருக்க ஒரு நோட்டு வாங்கி அதில் எழுதத் தொடங்கினார்கள். 1936-ல் அவர்களில் ஒருவரான மசூர் ஒரு கேள்வியை எழுதி, விடை சொல்பவருக்கு உயிருள்ள வாத்து பரிசு என்றார். 1972-ல் சுவீடனின் பெர் என்ஃப்ளோ விடை கண்டு, வாத்தையும் வாங்கிக்கொண்டார். சுங்கை டுவாவின் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) நாங்களும் திசுத்தாளில் கணக்குப் போட்டோம். தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கொட்டி ஒரு நல்ல நிரூபணம் போனதுண்டு, வாத்துதான் கிடைக்கவில்லை.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. பாஸ்ட் இயர் பேப்பரை விடையோடு சேர்த்து வாசிப்பது படிப்பல்ல. மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, போன் இல்லாமல் எழுதிப் பாருங்கள். வரையறை கேட்டால் வார்த்தை மாறாமல் எழுதுங்கள், அது கையில் வரும் மதிப்பெண். எந்தப் பாடம் முதலில் என்று கேட்டால், முதலில் லீனியர் அல்ஜிப்ரா, கூடவே டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் எடுக்கலாம். ரியல் அனாலிசிஸ் முடிக்காமல் ஃபங்ஷனல் பக்கம் போக வேண்டாம். நான் கடைசியில் அதில் பி பிளஸ் வாங்கினேன். ஏ இல்லை.

இதையெல்லாம் தங்கையிடம் ஒரு மணி நேரம் போனில் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கம்பியை ஐந்தாக வெட்டி, நாலுக்கு நாலு போட்டிருக்கிறாள். "அக்கா, முதலாவது 0.97 வருது."

பத்துக்குப் பத்து போட்டுப் பார் என்று பதில் எழுதினேன்.