ரஸ்ட் இன்டர்வியூ: அர்ரே பேட்டர்னில் என்ன கேட்கிறார்கள்?

புதுச்சேரியில் என்னோடு ரஸ்ட் புரோகிராமிங் மொழி படித்தவர்கள் எல்லாரும் ஓனர்ஷிப் (ஒரு மதிப்பு எந்த மாறிக்குச் சொந்தம்), லைஃப்டைம் (ஒரு ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும்) இரண்டையும் உருப்போடுவார்கள். பேட்டர்ன் மேட்சிங் (தரவின் வடிவத்தைப் பார்த்துப் பிரிப்பது) வந்தால் "சி-யில் ஸ்விட்ச் மாதிரிதானே" என்று தள்ளிவிடுவார்கள். என் இன்டர்வியூவில் பாதி நேரம் அதிலேயே போனது.

முதல் கேள்வி: மூன்று எண்கள் உள்ள அர்ரேயை (நீளம் மாறாத வரிசை), மாறிக்குப் பெயர் வைக்கும் லெட் வரியிலேயே [அ, ஆ, இ] என்று பிரிக்கலாம். அதே எண்கள் ஸ்லைஸாக (வரிசையின் ஒரு பகுதியைக் காட்டும் பார்வை) வந்தால் கம்பைலர் ஏன் மறுக்கிறது? அர்ரேயின் நீளம் அதன் டைப்பிலேயே இருக்கிறது, அதனால் அந்த பேட்டர்ன் பொருந்தாமல் போக வழியே இல்லை. இரண்டு பெயர் மட்டும் கொடுத்தால் 0527 பிழை, கம்பைல் ஆகும்போதே. ஸ்லைஸின் நீளமோ புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும், காலியாகக்கூட வரலாம். எனவே அங்கே மேட்ச் (ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு கிளை) வேண்டும், இல்லையென்றால் 2022-இல் 1.65 பதிப்போடு வந்த லெட்-எல்ஸ் (பொருந்தாவிட்டால் எல்ஸ் பகுதிக்குப் போகும் லெட்).

அடுத்தது [முதல், நடு @ .., கடைசி]. இதில் .. என்பது இடையில் உள்ள எல்லாம், @ அதற்கு 'நடு' என்று பெயர் வைக்கிறது. ஐந்து உறுப்புள்ள அர்ரேயில் 'நடு' மூன்று உறுப்புள்ள அர்ரே. கழித்தலைக் கம்பைலரே போட்டுக்கொள்ளும். ஸ்லைஸில் அது இன்னொரு ஸ்லைஸ்தான். இந்த வசதி 1.42-இல், 2020 மார்ச்சில் நிலையானது. அதற்கு முந்தைய பாடங்கள் நைட்லி (சோதனைப் பதிப்பு) கேட்கும், நம்பி உட்காராதீர்கள். (1.53 முதல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரும் செல்லும். பழகும்போது வைத்துக்கொள்ளலாம், இன்டர்வியூவில் வேண்டாம்.)

பலர் தடுமாறும் இடம் மூவ், அதாவது ஒரு மதிப்பின் ஓனர்ஷிப் வேறு மாறிக்குப் போவது. ஸ்ட்ரிங் அர்ரேயிலிருந்து பெயர்கள்[0] என்று எடுத்து வேறு மாறியில் வைக்கப் பார்த்தால் 0508 பிழை. பேட்டர்னால் பிரித்தால் ஓனர்ஷிப்போடு வெளியே வந்துவிடும். இரண்டையும் எழுதிக் காட்டி, காரணத்தையும் சொன்னால் அடுத்த கேள்விக்கு அவர்களே போய்விடுவார்கள்.

பயிற்சிக்கு லேப்டாப்கூட வேண்டாம். கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்து போனிலேயே, பிரவுசரில் ரஸ்ட் ஓட்டிப் பார்க்கும் ரஸ்ட் பிளேகிரவுண்டைத் திறக்கலாம். இரண்டு பூல் (சரி/தவறு மதிப்பு) உள்ள அர்ரேக்கு நான்கு கிளையும் எழுதுங்கள், 'மற்ற எல்லாம்' என்று பொருள்படும் அடிக்கோடு (_) தேவைப்படாது. அப்புறம் ஒன்றை நீக்கிப் பாருங்கள்: எந்தச் சேர்க்கை விடுபட்டது என்று கம்பைலரே எழுதிக் காட்டும். வெக்டரை (நீளம் மாறக்கூடிய வரிசை) மட்டும் நேரடியாக இப்படி மேட்ச் செய்ய முடியாது. முதலில் ஸ்லைஸாக மாற்றிக்கொள்ளுங்கள்.